பின்பக்கத்து அணில்

கணவர் குனிஹிரோ இறந்த முப்பத்திரண்டாம் நாள் ஹிசாயேயின் பலகையில் ஒரே ஒரு பொருள்தான் மீதி இருந்தது. அது அவருடைய அஸ்தியைப் போட வேண்டிய ஜாடி.

பலகை என்றால், பட்டறையில் அவள் உட்காரும் இடத்துக்கு இடது பக்கம் சுவரை ஒட்டிப் போட்டிருந்த நீளமான பலகை. படத்துக்குக் கோடு போட்டு முடித்த பீங்கான் பாத்திரங்களைக் குனிஹிரோ அதில்தான் கொண்டுவந்து வைப்பார். வைத்துவிட்டுத் தூரிகைக் காம்பால் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். என் வேலை முடிந்தது, இனி உன் பாடு என்று அதற்கு அர்த்தம். அவள் எடுத்துக் கோட்டுக்குள்ளே நீலத்தை நிரப்புவாள். முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் நடந்தது. பாதிக் கோடு போட்ட தட்டு ஒன்றுகூட அந்தப் பலகைக்கு வந்தது கிடையாது. ஒரு கோப்பையின் விளிம்பு வளையம் மட்டும் பாக்கி என்றாலும் அது அவர் மேஜையிலேயே இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் அவர்கள் ஊரான அரித்தாவில் பீங்கான் சந்தை. அதற்காக அவர் முன்கூட்டியே நூற்றிருபது சின்னத் தட்டுகளுக்குக் கோடு போட்டு அடுக்கிவிட்டுப் போயிருந்தார். சடங்கு முடிந்த நான்காம் நாளிலிருந்து ஹிசாயே அவற்றை நிரப்பிக்கொண்டிருந்தாள், நாளுக்கு ஐந்து தட்டு. வீட்டில் இருந்தால் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தில் எதையோ தேடினார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். பட்டறையில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள்.

அவள் இன்னும் அழவில்லை. அதை மறைக்கவும் இல்லை, வரவழைக்க முயலவும் இல்லை. உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்க்கலாம். இது எந்த இடம் என்றே தெரியவில்லை, எங்கே கிள்ளுவது?

இறந்த அன்று காலை பத்தரை மணிக்கு அவர் டோஃபு என்கிற சோயாக் கட்டி வாங்கப் போனார். கடை வாசலில் இரண்டு கட்டிகளைக் கையில் வாங்கிக்கொண்டு, மழை வரும் போலிருக்கிறது என்று கடைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்படியே மடிந்து விழுந்தார். இதயம் என்றார்கள். சாயங்காலம் கடைக்காரம்மா அந்த இரண்டு கட்டிகளையும் பாத்திரத்தில் போட்டு, மேலே துணி மூடி, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். ஹிசாயே ஒன்றை அன்றைக்கும் ஒன்றை மறுநாளும் சாப்பிட்டாள். வைத்தால் கெட்டுப்போகும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“ஹிசாயே, அஞ்சாம் தேதி சூளை மூட்டுறேன்,” என்றார் இவனாகா. பட்டறை அவருடையது. சக்கரத்தில் வனைவதும் சூளை பார்ப்பதும் அவர் வேலை. அறுபத்தெட்டு வயது, கழுத்து வரைக்கும் வெள்ளை மண். “அதை விட்டா அடுத்தது இருபதாம் தேதிதான். எலும்பை அடக்கம் பண்ணுற நாப்பத்தொன்பதாம் நாள் என்னைக்கு வருது?”

“பதிமூணு.”

“அப்ப இதுலதான் போகணும். உன்னால முடியுமா? இல்லைன்னா சொல்லு, அடுத்த தெரு ஷிமேகோவ ஒரு நாள் கூப்பிட்டுக்கலாம்.”

“நான் நிரப்புறேண்ணே.”

“அதான் சரி. வேற யாராச்சும் நிரப்பினா அவன் உள்ள இறங்கவே மாட்டான். வெளியவே நின்னு கத்துவான்.”

சொல்லிவிட்டு, இதைச் சொல்லியிருக்கலாமா என்பதுபோல அவளைப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று ஹிசாயேவுக்குப் புரிந்தது. சிரிப்பு கிளம்பி வர நேரம் பிடித்தது. அதற்குள் அவர் போய்விட்டார்.

ஊரில் எந்தச் சாவுக்குப் போய்த் திரும்பினாலும் குனிஹிரோவுக்கு ஒரே புலம்பல்தான். எரித்த பிறகு எலும்பைப் போட்டு மூடுகிற ஜாடி வெளியூர்த் தொழிற்சாலையில் அச்சில் ஊற்றி எடுத்தது. வெள்ளை வெளேரென்று இருக்கும். அவருக்கு அதுதான் தாங்காது.

“நாப்பது வருஷம் கோடு போட்டவனை அச்சு ஜாடிக்குள்ள போட்டு மூடுறாங்க பாரு, அதுவும் நம்ம ஊர்ல! அரித்தாக்காரனுக்கு இதைவிட அவமானம் உண்டா? இந்தா, என்னை அதுல போட்டீன்னா திரும்பி வந்து உன் நீலக் கிண்ணத்துல எண்ணெயை ஊத்திட்டுப் போவேன்.”

“நான் முதல்ல போயிட்டா?”

“உனக்கும் நானே கோடு போடுவேன். நிரப்பத்தான் ஆளில்ல. வெறும் கோடாவே போ.”

இந்த ஜனவரியில் ஒரு சாவுக்குப் போய்வந்த மறுநாள் அவர் நிஜமாகவே இவனாகாவிடம் போய் ஒரு ஜாடி வனைந்து கேட்டார்.

“என்னடா அவசரம் உனக்கு?” என்றார் இவனாகா.

“சூளைல இடம் இருக்கும்போதே சுட்டுக்கணும். சந்தை நேரத்துல செத்தா நீ இடம் குடுப்பியா? கொஞ்சம் பெருசாவே வனை, சுட்டா சுருங்கிடும்.”

“ஏன், உன்னைச் சுட்டா நீயும்தான் சுருங்குவே.”

இரண்டு பேரும் அதற்கு அரை நாள் சிரித்தார்கள்.

ஜாடி முதல் சூடு பட்டு வந்ததும் அதற்கென்று ஒரு படம் வரைந்தார். திராட்சைக் கொடி சுற்றிவர, முன்பக்கம் ஒரு அணில், பின்பக்கம் ஒரு அணில். அவருடைய அணில்கள் எப்போதும் குண்டாக இருக்கும். வழக்கம்போல மெல்லிய தாளில் சுரைக்காய்க் கரியால் வரைந்து, தாளை ஜாடியின் மேல் ஒட்டி வைத்து, பின்னாலிருந்து தேய்த்தார். தாளை எடுத்தால் கரிக்கோடு மட்டும் ஜாடியில் நிற்கும். அதன் மேல் மெல்லிய தூரிகையால் நீலக்கோடு போட வேண்டும். கரி வெறும் வழிகாட்டி. சூளைக்குள் போனால் அது தடமில்லாமல் எரிந்துவிடும், நீலம்தான் நிற்கும். மற்ற வேலைகளுக்கு நடுவே, தோன்றும்போதெல்லாம் அவர் அந்த ஜாடியை எடுத்து ஒரு இலை, ஒரு காய் என்று போட்டுக்கொண்டிருந்தார். ஹிசாயே எட்டிப் பார்க்கவில்லை. பலகைக்கு வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அது பலகையில் இருந்தது.

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். தேயிலை கொதித்த தண்ணீரை ஊற்றி நீலத்தைக் குழைத்தாள். சுடாத நீலம் நீலமாக இருக்காது. சாம்பல் கலந்த கறுப்பாக, சேற்றுத் தண்ணீர் போலத்தான் இருக்கும். தூரிகை, ஒரு முழுப் பூண்டைக் காம்பில் செருகி வைத்ததுபோல் பருத்தது. அதை நனைத்து எடுத்து, விரல்களால் அழுத்தி, நுனியிலிருந்து நீலத்தைச் சின்னக் குளமாக விட வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து அந்தக் குளத்தைக் கோட்டின் ஓரம் வரைக்கும் ஓட்டிப் போக வேண்டும். தூரிகை பாத்திரத்தைத் தொடக்கூடாது, தொட்டால் தடம் விழும். வரப்புக்குள் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. வரப்பு போடுவது அவர், பாய்ச்சுவது அவள்.

முன்பக்கம் சீக்கிரமே முடிந்தது. குனிஹிரோவின் கோடு அழுத்தமானது, எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்கே தெரியும். அணிலின் கண்ணுக்குள் ஒரு புள்ளி வெள்ளை விட்டிருந்தார். அதைச் சுற்றிக்கொண்டு நீலம் போனது.

ஜாடியைத் திருப்பினாள். பின்பக்கத்தில் கோடு வெளிறி இருந்தது.

அவள் ஒரு கணம் கையை நிறுத்தினாள். இலையின் விளிம்பு தெரிகிறது. காய்கள் தெரிகின்றன. அணிலும் இருக்கிறது. எல்லாமே மெலிந்து, அங்கங்கே தேய்ந்து கிடந்தன. அவருக்கு அப்போதே முடியாமல் போயிருக்கிறது என்று நினைத்தாள். கை நடுங்காமல் இருக்கத் தூரிகையை அழுத்தாமல் போட்டிருக்கிறார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கவனிக்கவில்லை. இந்த நினைப்புக்காவது அழுகை வருமா என்று காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தூரிகையை நனைத்து எடுத்துப் பின்பக்கத்தை நிரப்பத் தொடங்கினாள்.

முன்பக்கத்தை நிரப்பும்போது ஜாடியின் பின்பக்கம் அவளுடைய இடது உள்ளங்கையில்தான் படிந்திருந்தது. விரல்களில் சாம்பல் நிறமாக எதுவோ ஒட்டியிருந்தது. அதை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. இவனாகா வந்து ஜாடியை அடியில் பிடித்துத் தூக்கி, முன்பக்கத்தைப் பார்த்து, “அணில் என்னை மாதிரியே இருக்கு, திருட்டுப் பய,” என்றார். மெருகுக் குழம்பு நிறைந்த தொட்டியில் தலைகீழாக ஒரே முக்காக முக்கி எடுத்தார். பால் போன்ற வெள்ளைப் பூச்சு கோட்டையும் நிரப்பலையும் சேர்த்து மூடியது. இனி சூளை திறக்கும் வரைக்கும் யாரும் எதையும் பார்க்க முடியாது.

வீட்டில் மிசாவோ சோறாக்கி வைத்திருந்தாள். குனிஹிரோவின் தங்கை. தகேவோவில் ரயில்வேக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். சடங்குக்கு வந்தவள் அண்ணியைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டாள். துக்கம் வந்தால் சுத்தம் செய்கிற ரகம். முதல் வாரத்தில் வீட்டில் இருந்த அலமாரி எல்லாவற்றையும் காலி செய்து அடுக்கினாள். இரண்டாம் வாரம் பட்டறைக்கே வந்து அண்ணனின் மேஜையை ஒழித்து, தூரிகைகளைக் கழுவிக் காயவைத்து, தாள்களை மடித்து ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள். நல்ல காரியம் செய்திருக்கிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

“ஏப்ரனைக் கழட்டுங்க அண்ணி. பார்க்கவே சகிக்கல,” என்று வாங்கி, சலவை இயந்திரத்தில் போட்டாள். “முடிச்சிட்டீங்களா?”

“முடிச்சிட்டேன்.”

“அண்ணன் சந்தோஷப்படுவான்.” மிசாவோ அழுதாள். ஹிசாயே அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மிசாவோ அழுவது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. வீட்டில் யாராவது ஒருவர் அதைச் செய்தால் போதும் என்று பட்டது.

நாற்பத்தைந்தாம் நாள் காலையில் சூளை திறந்தார்கள். இரண்டு நாள் ஆறிய பிறகும் உள்ளே வெந்நீர்க் குளியலறை போலச் சூடு இருந்தது. சந்தைத் தட்டுகள் வரிசையாக வெளியே வந்தன. மெருகு ஆறும்போது அவை டிங், டிங் என்று தாமாகவே சத்தம் போட்டன. நீலம் நன்றாக வந்திருந்தது. இவனாகா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து அடுக்கினார்.

ஜாடியைக் கையுறையோடு எடுத்து அவளிடம் முன்பக்கத்தைக் காட்டினார். கொடி, இலை, காய், கொழுத்த அணில். கண்ணில் வெள்ளைப் புள்ளி.

“பிரமாதம்,” என்றார். சொல்லிக்கொண்டே திருப்பினார்.

பின்பக்கத்தில் கோடே இல்லை.

வெளிர்நீலத் திட்டுகள் மட்டும் இருந்தன. இலை இருந்த இடத்தில் விளிம்புக் கோடு இல்லாத ஒரு திட்டு. காய்கள் இருந்த இடத்தில், அடிபட்டுக் கன்றிப்போன தோல் மாதிரி, ஒன்றோடொன்று கலந்த நீலம். அணில் இருந்த இடத்தில் காது, மீசை, கண் எதுவும் இல்லாத ஒரு உருண்டை.

“இந்தப் பக்கம் குனிஹிரோவையே காணோமே,” என்று இவனாகா வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஜாடியை மெதுவாகப் பலகையில் வைத்தார்.

ஹிசாயே குனிந்து பார்த்தாள். தொழில் தெரிந்த கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டாம். பின்பக்கத்துக்கு அவர் கரி மட்டும்தான் ஒற்றியிருந்தார். நீலக்கோடு இன்னும் போட்டிருக்கவில்லை. கரி எரிந்துபோய், அவள் நிரப்பியது மட்டும் நிற்கிறது. வெளிறித் தெரிந்தது அவர் உடம்புக்கு முடியாத கோடு இல்லை. அது அவர் கோடே இல்லை.

“கரி,” என்றாள்.

“எப்படிம்மா… நீயா?” இவனாகா தலையைச் சொறிந்தார். “கரிக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நானும் பார்க்கலையே. முக்கும்போது முன்னாடி மட்டும் பார்த்துட்டு இளிச்சுக்கிட்டு நின்னேன்.”

“என் பலகைல இருந்துச்சு. எடுத்தேன்.”

அவள் சொன்னது அவ்வளவுதான். பலகைக்கு அது எப்படி வந்தது என்பது சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. தூரிகைக் காம்பின் இரண்டு தட்டு இந்த ஜாடிக்கு அவள் காதில் விழவே இல்லை. மேஜையை ஒழித்தபோது மிசாவோ இதைத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல், அண்ணி பலகையில் வைத்திருக்கிறாள்.

ஏப்ரனின் நினைவு வந்தது. பின்பக்கத்துக் கோடு கொஞ்சம் அதில்தான் இருந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறையும் துவைத்திருக்கிறாள்.

“இப்பப் பாருங்க அண்ணி, எப்படிப் பளிச்சுன்னு ஆயிடுச்சு!”

“ஆமா. நல்லா வெளுத்திருக்கு,” என்றாள் ஹிசாயே.

மறுநாள் இவனாகா வீட்டுக்கே வந்தார். ஜாடியை நடுவில் வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

“நான் யோசிச்சுட்டேன். ஒண்ணும் குடி முழுகிப்போகல. மெருகுக்கு மேல கறுப்புல கோடு போட்டுச் சின்ன அடுப்புல சுடலாம். எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், மேல்வண்ணம் போடுறவன். ராஜா மாதிரி கை. ஒரு நாள் வேலை. குனிஹிரோ வரைஞ்ச தாள் இருக்குல்ல?”

“இருக்கு. நான்தான் பெட்டில மடிச்சு வெச்சேன்,” என்றாள் மிசாவோ அவசரமாக.

“அதை வெச்சு மறுபடி ஒத்தி எடுத்தா அவன் கோடு அப்படியே வந்துடும். கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியும்.”

“கிட்ட வந்துதானே பார்ப்பாங்க?” என்றாள் ஹிசாயே.

அது உண்மை. இந்த ஊர்க்காரர்களுக்கு விருந்தில் சோறு பரிமாறினால்கூடத் தட்டைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பார்கள்.

“அதனாலதான் அண்ணி சொல்றேன்,” மிசாவோவின் குரல் உடைந்தது. “வர்றவங்கள்ல பாதிப் பேர் இதே தொழில். அண்ணனோட கடைசி வேலைன்னு பார்க்க வர்றாங்க. இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? குனிஹிரோ பாதியில விட்டுட்டுப் போயிட்டான்னு…”

“பாதியிலதானே விட்டுட்டுப் போனாரு.”

மிசாவோ எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து தாளை எடுத்து வந்தாள்.

ஹிசாயே தாளை வாங்கி விரித்தாள். மடிப்பு விழுந்த இடங்களில் கரி உதிர்ந்திருந்தது. அணில் நன்றாக இருந்தது. இந்தத் தாளை வைத்து இன்னும் பத்துத் தடவை ஒற்றலாம். நல்ல கைக்காரன் கிடைத்தால் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். அதனால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று யோசித்துப் பார்த்தாள். ஆனால் வேறு ஒருவன் போட்ட கோட்டுக்குள் தன்னுடைய நீலம் போய் அடங்கி உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது, நாற்பத்தாறு நாளில் முதல் முறையாக அவளுக்கு ஒன்று வேண்டாம் என்று பட்டது. இதுவரைக்கும் எதுவானாலும் சரியென்றுதான் இருந்தாள். இது மட்டும் வேண்டாம்.

“அவர் போடல. போடலைன்னே இருக்கட்டும்,” என்றாள்.

“அப்ப எலும்பு இருக்கிற அந்த அச்சு ஜாடியிலேயே…?” என்றாள் மிசாவோ.

“இதுலதான்.”

இவனாகா மூடியை எடுத்து ஜாடியின் மேல் வைத்துத் திருகிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. “மூடி நான் வனைஞ்சது. அதுல குத்தம் சொல்ல முடியாது,” என்றார்.

பதிமூன்றாம் தேதி பதினோரு மணிக்குப் பௌத்தத் துறவி வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் அண்ணியும் நாத்தனாரும் மட்டும் உட்கார்ந்து எலும்பை மாற்றினார்கள். இரண்டு பேர் கையிலும் மூங்கில் குச்சிகள். வெள்ளை ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கால் எலும்பு முதலில், தலை கடைசியில் என்று புது ஜாடிக்குள் இறக்கினார்கள். பீங்கானில் பீங்கான் படுகிற மாதிரி சத்தம்தான் கேட்டது. வழக்கப்படி தொண்டை எலும்பை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தபோது இடம் சரியாக இருந்தது. சுருங்கியதும் சரியாகத்தான் சுருங்கியிருக்கிறது.

மிசாவோ குச்சியை வைத்துவிட்டு ஜாடியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது அணில்தானா அண்ணி?”

“அணில்.”

“உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு.”

ஹிசாயே எட்டிப் பார்த்தாள். வேகவைத்து உரித்த உருளைக்கிழங்கேதான். ஒரு பக்கம் வால் மாதிரி கொஞ்சம் வழிந்திருந்தது. “முளை விட்ட கிழங்கு,” என்றாள்.

மிசாவோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஹிசாயேவும் சிரித்தாள். திறந்த ஜாடிக்கு முன்னால் துக்க உடையில் இரண்டு பெண்கள், கண்ணில் தண்ணீர் வர, சத்தம் வெளியே போய்விடக் கூடாதே என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்து அழுத்திக்கொண்டார்கள். பிறகு மிசாவோவின் முகம் மாறியது.

“அண்ணி… இது அண்ணன் மேஜைலதான இருந்துச்சு? நான் அன்னைக்குத் துடைக்கிறப்ப…” அவள் எழுந்து முட்டிபோட்டாள். “நான்தானே தூக்கி உங்க பலகைல வெச்சேன்?”

ஹிசாயே மூடியை எடுத்து ஜாடியில் வைத்தாள். “பலகைல இருந்தாலும் பார்த்துட்டுத்தான் நிரப்பணும். நான் பார்க்கல. மூஞ்சியக் கழுவிட்டு வா, துறவி வந்துடுவார்.”

மிசாவோ போன பிறகு அவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததில் வந்த தண்ணீர். ஆனாலும் ஈரம் ஈரம்தான். கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள்.

மந்திரம் ஓதி முடிந்ததும் எல்லாரும் எதிர்பார்த்தபடியே ஜாடியைச் சுற்றி வந்தார்கள். முன்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பின்பக்கத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லாருமே வாழ்க்கையில் ஒரு முறையாவது கரிக்கோட்டில் ஏமாறப் போய்த் தப்பித்தவர்கள். ஷிமேகோ மட்டும், நிரப்புகிறவள் என்பதால், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“கோடே இல்லாம எப்படிக்கா இந்த இலை ஓரம் ஒரே சீரா நின்னுச்சு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“கோடு இருக்குன்னு நினைச்சேன்,” என்றாள் ஹிசாயே.

மலைச்சரிவில் கல்லறையின் வாய்க்கல்லைக் கல்வேலைக்காரர் நகர்த்தி வைத்திருந்தார். உள்ளே குனிஹிரோவின் அப்பா, அம்மா, இரண்டு வெள்ளை அச்சு ஜாடிகளில். கல்வேலைக்காரருக்கு மத்தியானம் இன்னொரு இடத்தில் வேலை இருந்தது. ஜாடியை வாங்கிக்கொண்டு, “எந்தப் பக்கம்மா வெளிய பார்த்து இருக்கணும்?” என்றார்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மிசாவோ, “அணில்… கண்ணு இருக்கிற அணில்,” என்று முணுமுணுத்தாள்.

ஹிசாயே யோசித்தாள். உள்ளே அவருடைய அப்பா அம்மா இருக்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது மகன் போட்ட கோடு. வெளியே இருந்து வருகிறவள் அவள் மட்டும்தான்.

“கோடு உள்பக்கம். இது வெளிய,” என்றாள்.

கல் மூடியது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். சந்தைக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. கோடு போட இவனாகா ஒரு ஆளைப் பிடித்திருந்தார். ஒமுரா என்று பெயர், ஐம்பது வயது, பேச்சு குறைவு. குனிஹிரோவின் மேஜையில் குனிஹிரோவின் மெத்தையைப் போடாமல், தன் மெத்தையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு மணி வாக்கில் எழுந்து வந்து, பத்துக் கிண்ணங்களைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பலகையைத் தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஹிசாயே முதல் கிண்ணத்தை எடுத்தாள். நீலத்தைக் குழைத்தாள், தூரிகையை நனைத்தாள். நனைத்த தூரிகையைக் கிண்ணத்தின் விளிம்பில் சாத்தி வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலைக் கோட்டின் மேல் வைத்து லேசாக இழுத்தாள். விரலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கரி இல்லை.

அடுத்த கிண்ணத்தை எடுத்து அதையும் தொட்டுப் பார்த்தாள். பத்தையும் பார்த்த பிறகுதான் நிரப்பத் தொடங்கினாள்.